காலை

ஒரு வெள்ளி கட்டினால் ஓர் எண் தருவார்கள்.
ஜெலுத்தோங் கிளினிக்கில் என் பெயர்
சில நாள் 3042, சில நாள் 3117.
இனிப்புநீர் மட்டும்
பதினொரு வருஷமாக அதே ஆள்.

டாக்டர்கள் மாறினார்கள்.
ஒருவர் கிளந்தானுக்குப் போனார், ஒருவர் மேல்படிப்புக்கு,
ஒருத்தி பிள்ளை பெறப் போய்த் திரும்பவில்லை.
ஒவ்வொரு புது முகத்துக்கும்
முதலிலிருந்து ஆரம்பித்தேன்.
எத்தனை வருஷமா?
அப்பா அம்மாவுக்கு உண்டா?
சோற்றைக் குறைத்தீர்களா?
அப்பா செத்ததை ஏழு தடவை சொல்லியாகிவிட்டது.
ஏழாவது தடவை
யாரோ ஒருவரின் அப்பா போல இருந்தது.

பச்சைப் புத்தகத்தில் ஒரே வரி,
வேறு வேறு கையெழுத்தில்:
மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை.

உண்மைதான்.
ஏன் என்று எழுத அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை.

கர்னி டிரைவில் ஒரு ஹோட்டல் வாசலில்
இரவு ஏழிலிருந்து விடியும் வரை நிற்கிறவன் நான்.
நீளக் கம்பியில் சக்கரம் வைத்த கண்ணாடியை
வருகிற காருக்கெல்லாம் அடியில் தள்ளிப் பார்க்க வேண்டும்.
இதுவரை அகப்பட்டது
ஒரு பூனை.

மாத்திரை உறையில் 'பாகி' என்று அச்சடித்திருக்கும்.
காலை.
எனக்கு அது தூங்கப் போகிற நேரம்.
சொன்னபடி விழுங்கிப் படுத்தேன்.
பதினோரு மணிக்கு மெத்தை நனைந்து விழித்தேன்.
கை உதறுகிறது, நாக்கு தடிக்கிறது,
சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போய்
டின்பாலைக் கரண்டியால் வழித்துத் தின்றேன்.
மூன்றாம் தடவைக்குப் பிறகு
மாத்திரைகள் பிஸ்கட் டின்னுக்குள் போயின.

போன மாசி மாதம்
நோர்லைலா மிஸ்ஸி புத்தகத்தைத் திறக்கவில்லை.
என் சட்டையைப் பார்த்தாள். தோளில் ஹோட்டல் பேர்.
"கெர்ஜா மாலாம் கா?"

ராத்திரி வேலையா.
மூன்று சொல். அவ்வளவுதான்.
டின்பால் வரைக்கும் கொட்டிவிட்டேன்.

உறையில் 'பாகி'யை அடித்தாள்.
மேலே ஆறு என்று எழுதி
பாதி மூழ்கிய சூரியன் ஒன்றை வரைந்தாள், கோணலாக.
அவள் சொல்லி டாக்டர் ஊய் மாத்திரையையே மாற்றினார்.
அடுத்த தடவையும் நான்தான் பார்ப்பேன் என்றார்.
மாற்றல் வந்தால்?
சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார்,
புத்தகத்தின் முதல் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி:
இரவுக் காவலர். பகலில் உறங்குபவர்.
அப்பாவைப் பற்றி மறுபடி கேட்க வேண்டாம்.

பிறகு மிஸ்ஸி பூட்ஸைக் கழற்றச் சொன்னாள்.
பன்னிரண்டு மணி நேரம் நின்ற பூட்ஸ்.
வெட்கமாக இருந்தது, நாற்றம் வேறு.
அவள் முட்டி போட்டாள்.
நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு
தெரிகிறதா என்றாள்.
தெரிகிறது.
தெரிகிறது.
கண்ணை மூடியிருந்தேன்.
ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன்.
நிறுத்தவில்லை என்றாள்.

பதினொரு வருஷத்தில் ரத்தத்தைப் பார்த்தார்கள்,
மூத்திரத்தைப் பார்த்தார்கள்,
என் காலைப் பார்த்தவள் அவள் ஒருத்தி.
எந்தக் காலை என்று கேட்டால்
இரண்டும்தான்.

அளவு இன்னும் எட்டரை. பதினொன்றிலிருந்து.
எட்டரையும் கூடுதல்தான், கொண்டாட ஒன்றுமில்லை.
ஏழரை மணிக்கே வரச் சொல்லி நேரம் எழுதியிருக்கிறார்கள்,
வேலை முடிந்த பஸ்ஸில் நேரே இறங்கலாம்.
எண் கூப்பிடும் பெட்டி இன்னும் 3042 என்றுதான் கத்துகிறது.
கதவைத் திறந்து மிஸ்ஸி எட்டிப் பார்ப்பாள்:
"மருதப்பன்."
வாயில் சரியாக வராமல் 'மருடாப்பன்'.

ராத்திரி மூன்று மணிக்குக் கார் வராது.
கடல் மட்டும் சுவரில் வந்து மோதும்.
பூட்ஸைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து,
அந்த நீளக் கண்ணாடியை
என் பாதத்துக்கு அடியில் தள்ளுகிறேன்.
டார்ச் அடிக்கிறேன்.
குதிகாலில் ஒரு வெடிப்பு.
நேற்று இது இல்லை.